குடம்புளி கேப்சூல் கொழுப்பைக் கரைக்குமா?

[திரையில்: ஊறவைத்த குடம்புளித் துண்டுகள், பக்கத்தில் மீன் குழம்புச் சட்டி]

கன்னியாகுமரி, கேரளா பக்கம் மீன் குழம்பு வைக்கிற வீடுகள்ல குடம்புளியைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. மஞ்சளா, வரிவரியா குட்டிப் பூசணி மாதிரி ஒரு பழம். தோலைப் பிளந்து வெயில்ல காயவெச்சு, புகை போட்டு, கன்னங்கரேல்னு ஆக்கி எடுத்து வெப்பாங்க. ரெண்டு மூணு துண்டு போட்டா குழம்பு மறுநாள்தான் இன்னும் நல்லா இருக்கும்.

அதே புளி ‘கார்சினியா கம்போஜியா’ங்கிற பேர்ல, எடை குறைக்கிற கேப்சூலா டப்பாவுல விக்குது. அமெரிக்க டிவியில டாக்டர் ஓஸ் 2012ல இதைப் புகழ்ந்து பேசினதும் விற்பனை எகிறிச்சு. அந்த மாதிரிப் பேச்சுக்காக 2014ல அமெரிக்க செனட் குழு அவரை முன்னால உக்கார வெச்சுக் கேள்வி கேட்டுச்சு.

[திரையில்: லேபிள், ‘எச்.சி.ஏ.’ என்ற இடம் வட்டமிடப்படுகிறது]

லேபிள்ல இருக்கிற எச்.சி.ஏ.ன்னா ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட். இந்தப் புளியில இருக்கிற அமிலம் இதுதான்னு 1965ல கண்டுபிடிச்சுச் சொன்னது வெளிநாட்டுக்காரங்க இல்ல, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பா மாத்தும்போது ஒரு என்சைம் வேலை செய்யுது. எச்.சி.ஏ. அதைத் தடுக்குது. இது உண்மை. எலிகளுக்குக் குடுத்தப்போ தீனி எடுக்கிறதும் குறைஞ்சுது, எடை ஏறுறதும் குறைஞ்சுது. இதுவும் உண்மை.

விளம்பரம் இந்த இடத்துல நிறுத்திக்குது. எலி உடம்புல மாவுச்சத்து கொழுப்பா மாறுற வேலை மும்முரமா நடக்கும். வழக்கமான சாப்பாடு சாப்பிடுற மனுஷனுக்கு அது ரொம்பக் கம்மி. நம்ம இடுப்புல சேர்ற கொழுப்புல பெரும்பங்கு, சாப்பாட்டுல இருக்கிற எண்ணெயும் நெய்யும் நேரா போய்ச் சேர்றதுதான். ஆளே நடக்காத தெருவுக்குப் பூட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?

[திரையில்: 1998, நியூயார்க்]

மனுஷங்ககிட்டயே சோதிச்சுப் பார்த்தாங்க. உடல் பருமன் உள்ள 135 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்குத் தினம் 1500 மில்லிகிராம் எச்.சி.ஏ. இன்னொரு பிரிவுக்கு, பார்க்க அப்படியே இருக்கிற வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ரெண்டு பிரிவுக்கும் நார்ச்சத்து கூடின, கலோரி குறைஞ்ச ஒரே சாப்பாட்டு முறை.

[திரையில்: எச்.சி.ஏ. 3.2 கிலோ | வெத்து மாத்திரை 4.1 கிலோ]

எச்.சி.ஏ. எடுத்தவங்களுக்குச் சராசரியா 3.2 கிலோ குறைஞ்சுது. வெத்து மாத்திரை எடுத்தவங்களுக்கு 4.1 கிலோ! இந்த வித்தியாசம் தற்செயலாவே வரக்கூடிய அளவுதான், அதனால வெத்து மாத்திரை ஜெயிச்சுதுன்னு சொல்லக் கூடாது. கேப்சூலால ஒரு பிரயோஜனமும் தெரியலன்னுதான் அர்த்தம்.

இந்த 4.1 கிலோவைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ‘நான் சாப்பிட்டேன், எனக்குக் குறைஞ்சுது’ன்னு சொல்றவங்க பொய் சொல்லல. டப்பாவோட வர்ற துண்டுச்சீட்டுல ராத்திரி சோத்தைக் குறைங்க, இனிப்பை விடுங்க, தினம் நடங்கன்னு போட்டிருக்கும். அதைச் செஞ்சது அவங்க, பேர் வாங்கினது கேப்சூல். எனக்கு மனசு ஆறாதது இதுதான். எடை திரும்ப ஏறினா அந்தப் பழி கேப்சூலுக்குப் போகாது. ‘எனக்குத்தான் கட்டுப்பாடு இல்ல’ன்னு வாங்கினவங்க தங்களையே திட்டிக்கிட்டு அடுத்த டப்பாவுக்குக் காசு எடுக்கிறாங்க.

‘இயற்கைதானே, கெடுதல் என்ன’ன்னு கேப்பீங்க. குழம்புல போடுற ரெண்டு துண்டு வேற, அமிலத்தைப் பிரிச்செடுத்து மாசக்கணக்கா விழுங்குறது வேற. அமெரிக்காவுல ‘ஹைட்ராக்ஸிகட்’னு ஒரு எடை குறைப்புத் தயாரிப்பு. அதோட சில வகைகள்ல இந்தப் புளிச்சாறும் இருந்துச்சு. ஒரு மரணம் உட்பட 23 கல்லீரல் பாதிப்புப் புகார்கள் வந்ததால, 2009ல அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிச்சு, நிறுவனம் திரும்ப வாங்கிக்கிச்சு. அதுல பல பொருள் கலந்திருந்ததால புளி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பிற்பாடு, கார்சினியா மட்டும் எடுத்தவங்களுக்கும் கல்லீரல் பாதிச்சது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

[திரையில்: அறிகுறிகள், பெரிய எழுத்தில்]

இப்ப இதை எடுத்துக்கிட்டு இருக்கீங்களா? கண்ணு மஞ்சளாச்சுன்னா, சிறுநீர் டீ நிறத்துல போச்சுன்னா, காரணமில்லாம உடம்பு அரிச்சுதுன்னா, குமட்டல் நிக்கலன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒண்ணு எடுக்கச் சொல்வாங்க. ‘வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டா, இயற்கைதானேன்னு விட்டுடாதீங்க. டப்பாவையே கையில எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.