ஆய்வுக் கட்டுரையைச் சோதிப்பவர்கள்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிண்டியிலோ தரமணியிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எழுதி முடிக்கப்படும் கட்டுரை ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்ததும், பதிப்பாசிரியர் அதைப் படித்துப் பார்த்து, இதழுக்குப் பொருந்தாதவற்றை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவற்றை அந்தத் துறையில் தேர்ந்த இரண்டு அல்லது மூன்று பேருடைய பார்வைக்கு அனுப்புகிறார். சக மதிப்பாய்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இந்த மதிப்பாய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்குவதில்லை. அவர்கள் இன்னார் என்பது பல இதழ்களில் கட்டுரையாளருக்குத் தெரிவதுமில்லை.

மருந்துச் சோதனை ஒன்றைப் பற்றிய கட்டுரையில், 60 நோயாளிகளைச் சேர்த்ததாக ஓரிடத்தில் எழுதியிருக்கும். அட்டவணையிலோ 54 பேரின் விவரமே இருக்கும். மற்ற 6 பேர் என்ன ஆனார்கள் என்று நல்ல மதிப்பாய்வாளர் கட்டாயம் கேட்பார். பக்கவிளைவு தாங்காமல் அவர்கள் பாதியில் விலகியிருந்தால், அந்த மருந்தைப் பற்றிய முடிவே மாறிவிடும்.

பெயர் பெற்றவர்களுக்கும் இதில் விலக்கு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1936-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும், ஈர்ப்பு அலைகள் இருக்க முடியாது என்ற முடிவுடன் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பினார். மதிப்பாய்வாளரான ஹோவர்டு ராபர்ட்சன் அதிலிருந்த பிழையைச் சுட்டிக்காட்டினார். அச்சாகும் முன் பிறரிடம் காட்டியதற்காகச் சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு அது வேறோர் இதழில் வெளிவந்தபோது முடிவு திருத்தப்பட்டிருந்தது. இந்த மதிப்பாய்வு முறை அந்நாளில் எல்லா இதழ்களிலும் கட்டாயமாக இருந்ததில்லை. 'நேச்சர்' இதழே 1973-இல்தான் அதை விதியாக்கியது.

ஆனாலும் மதிப்பாய்வாளர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்த எண்கள் உண்மையானவை என்று நம்பியே படிக்கிறார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பிய கட்டுரை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டு, 1998-இல் 'லான்செட்' போன்ற பெரிய இதழிலேயே வெளியாகிவிட்டது. பெற்றோர்கள் பயந்தார்கள், பிரிட்டனில் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் குறைந்தார்கள். டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, அப்படியொரு தொடர்பு இல்லை என்று காட்டியது. அதற்குப் பிறகும் அந்தக் கட்டுரையை 'லான்செட்' முழுமையாகத் திரும்பப் பெற 2010 வரை ஆயிற்று.

நன்றி, வணக்கம்.