அந்த உப்பைப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். ஊக்கமருந்து விவகாரத்தில் பெரிய குற்றவாளி வீரரா, அவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பா என்பது தலைப்பு. அமைப்புதான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகணும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். சரி, உப்பைப் பற்றியே பேசுவோம். பக்கத்திலேயே புத்தளம் உப்பளம் இருக்கிறது, உப்பு நமக்குப் புதிதில்லை.

2017-ல் வந்த இக்காரஸ் ஆவணப்படத்தைப் பாருங்கள். மாஸ்கோ ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் தலைவராக இருந்த ரொட்சென்கோவ் தன் வாயாலேயே சொல்கிறார். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர்களின் சிறுநீர் பாட்டில்களை, சோதிக்க வேண்டிய ஆய்வகமே ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குத் தள்ளியிருக்கிறது. யாராலும் திறக்க முடியாது என்று உலகமே நம்பிய மூடியை உளவுத்துறை ஆட்கள் திறந்து கொடுக்க, பல மாதம் முன்பே பிடித்து உறைய வைத்திருந்த சுத்தமான சிறுநீரை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். மாற்றி ஊற்றிய சிறுநீரின் அடர்த்தி, முதலில் எழுதிவைத்த கணக்கோடு ஒத்துப்போகணுமே, அதற்குத்தான் உப்பு. பிறகு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்காக விசாரித்த மெக்லாரன் குழு, சில பாட்டில்களில் மனித உடம்பில் இருக்கவே முடியாத அளவு உப்பைக் கண்டுபிடித்தது. அக்கா, அந்த உப்பைப் போட்டது பனியில் சறுக்கிய வீரனா?

வீரர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பலருக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. ஆனால் 1970, 80-களில் கிழக்கு ஜெர்மனியில் நீச்சல் பழகிய சின்னப் பெண்களுக்கு வைட்டமின் என்று சொல்லி, ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் நீல மாத்திரை கொடுத்தார்களே, குரல் ஆண்குரலாக மாறிப்போன அந்தப் பிள்ளைகள் எதைத் தெரிந்து தின்றார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பையன், கபடி ஆடுவான், 17 வயசு. மாவட்ட அணித் தேர்வுக்கு முன்னால், பயிற்சி கொடுத்தவர் சத்து ஊசி என்று சொல்லிப் போட்டுவிட்டார். முதுகு முழுக்கப் பரு. அவன் அம்மா மீன் விற்கிறவர், உடம்புச் சூடு என்று நினைத்துத் தினமும் நுங்கு வாங்கி வந்து, "திரும்பு மக்களே" என்று முதுகில் தேய்த்துவிடுவார். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! அந்தப் பையன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். ஊசி போட்டவர் இன்றைக்கும் விசில் ஊதிக்கொண்டு மைதானத்தில்தான் நிற்கிறார்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.