பாலாவியில் ஒரு குடம்

(காட்சி: விடிகாலை. பாலாவிக் கரைப் படிக்கட்டு. ஓர் ஆச்சியின் கையில் செம்பு.)

2025 பெப்ரவரி 26. பிரயாக்ராஜில் மகா கும்பமேளாவின் கடைசி நீராடல். 45 நாட்களில் 66 கோடிப் பேர் வந்து போனார்கள் என்பது அங்குள்ள அரசின் கணக்கு. இலங்கையின் மொத்தச் சனத்தொகையைப் போல் முப்பது மடங்கு. அந்தக் கணக்கை யார் எப்படி எண்ணினார்கள் என்று கேட்டால் தலை சுற்றும், விட்டுவிடுவோம். அன்றுதான் மகா சிவராத்திரியும். கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் அவர்கள் முங்கி எழுந்த அதே நாளில், இலங்கையின் மன்னார் மாதோட்டத்தில், திருக்கேதீச்சரச் சிவன் கோயிலின் தீர்த்தமான பாலாவிக் கரையில் எங்கள் சனம் குடத்தோடு வரிசையில் நின்றது.

கிளிநொச்சியில் அக்காவின் மகன் அந்தக் காட்சிகளைத் தொலைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, எங்களுக்கு ஏன் அப்படி ஓர் ஆறு இல்லை?" இந்த வீடியோ அவனுக்கான பதில்.

(காட்சி: வான்படம். வியாழனின் பாதை.)

முதலில் கும்பமேளா. தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்து எடுத்த அமுதக் குடத்திலிருந்து துளிகள் நான்கு இடங்களில் சிந்தினவாம். பிரயாக்ராஜ், ஹரித்வார், நாசிக், உஜ்ஜயினி. எந்த ஊரில் எப்போது நீராடல் என்பதைச் சொல்வது வியாழன். எங்கள் பஞ்சாங்கத்தில் குரு. குரு இடபத்திலும் சூரியன் மகரத்திலும் நின்றால் பிரயாக்ராஜ். குரு கும்பத்துக்கும் சூரியன் மேடத்துக்கும் வந்தால் ஹரித்வார்.

"பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை" என்று சொல்கிறோமே, அதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. வியாழன் ஒரு சுற்றை முடிக்க எடுப்பது 11.86 ஆண்டு. அந்தக் குறைவு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஓர் ஆண்டையே விழுங்கிவிடுகிறது. ஹரித்வாரில் 2010க்குப் பிறகு 2022இல் வர வேண்டிய கும்பமேளா 2021இலேயே வந்தது அதனால்தான். கும்பகோணத்து மகாமகமும் குருவின் கணக்கில் நடப்பதுதான். 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல்.

(காட்சி: வறண்ட ஆற்றுப் படுகை. மணலில் மாட்டுக் குளம்படி.)

இனி எங்கள் பக்கம். வன்னியில் ஆறு இல்லாமல் இல்லை. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டு வருகிறது. பாலியாறு, பறங்கியாறு, தெற்கே அனுராதபுரத்தைக் கடந்து வரும் அருவியாறு என்று பெயர்கள் உண்டு. ஆனால் ஆவணியில் பெரும்பாலானவற்றுக்குப் போய்ப் பாருங்கள், மணல்தான் இருக்கும். மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். பெய்ததைப் பிடித்து வைத்தால்தான் வயல். ஆகவே இது குளங்களின் நாடு. சாமி தீர்த்தமாடப் போவதும் குளத்துக்கு, கேணிக்கு, இல்லாவிட்டால் கடலுக்கு.

நாட்காட்டியும் அதற்கு ஒத்துப்போகிறது என்றே எனக்குப் படுகிறது. மாசியில் சிவராத்திரி வரும்போது குளங்களில் நீர் நிற்கும். மழையை நம்பி விதைத்த காலபோக நெல்லும் அறுத்து முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும், வீட்டை விட்டு ஓர் இரவு கிளம்பலாம். ஆடி அமாவாசை வரும்போது குளம் வற்றிக் கிடக்கும். தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போகிறார்கள்.

(காட்சி: திருக்கேதீச்சரக் கோபுரம். பாலாவி.)

சுந்தரர் தம் பதிகத்தில் இந்தக் கோயிலைப் "பாலாவியின் கரைமேல்" என்றே அடையாளம் காட்டுகிறார். சம்பந்தரும் பாடிய தலம். இரண்டு பேரும் நேரில் வந்து பாடவில்லை என்பது மரபு. ஆனாலும் நீரின் பெயர் கடல் கடந்து அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. மாதோட்டம் அக்காலத்தில் கப்பல்கள் வந்து போன துறைமுகம் என்பதை நினைத்தால் வியப்பில்லை.

பாலாவி ஆறா குளமா என்று கேட்பவர்கள் உண்டு. இன்று நாம் காண்பது குளம். எங்கள் ஊர்ப் பெயர்களில் நீராவி, நீராவியடி என்று வருகிறதல்லவா, அங்கே நீராவி என்றால் குளம். பாலாவியில் உள்ள ஆவியும் அந்த உறவுதான் என்பது என் ஊகம்.

போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, 1872இல், அதை மீட்டுக் கட்ட வேண்டும் என்று ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் சனம் அந்தக் கரையை நெருங்க முடியவில்லை. கருங்கல்லில் எழுப்பிய இன்றைய கோயிலுக்கு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது.

(காட்சி: குடம், ஈரப் பாதம், மகாலிங்கம்.)

சிவராத்திரி அன்று நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆச்சி சேலையோடு முங்கி எழுகிறார். ஈரம் சொட்டச் சொட்டச் செம்பை நீரில் சாய்த்து நிரப்புகிறார். தலையில் வைத்துக்கொள்கிறார். வழியில் தளும்பியது தோளில் வழிகிறது. வரிசை நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது. மகாலிங்கத்தின் முன்னால் வந்ததும் செம்பைத் தாமே கவிழ்த்து நீராட்டுகிறார். இடையில் ஐயர் இல்லை. பின்னால் நிற்கும் சிறுவன் பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்ததையும் அதே கல் ஏற்கிறது.

கும்பமேளாவில் மனிதன் நீருக்குள் போகிறான். இங்கே நீரும் மனிதனோடு நடந்து கோயிலுக்குள் வருகிறது. மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இதே பழக்கத்தின் இன்னொரு முகம் முல்லைத்தீவில். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு வீடியோ வேண்டும்.

(காட்சி: திரும்பும் பஸ். ஜன்னலில் காயும் துவாய்.)

அடுத்த மாசியில் போகிறவர்களுக்கு ஒன்று. பெரிய குடம் கொண்டு போகாதீர்கள். வரிசை நீளம், பாதி வழியில் கழுத்து இறுகும். ஒரு செம்பு போதும். மாற்றுத் துணியை மறக்க வேண்டாம், மாசிப் பனி இரவு முழுக்க இருக்கும்.