அலைக்குக் கண் இல்லை

அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம், பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையைச் சாய்த்ததும், உள்ளங்கையில் அடங்குகிற கறுத்த குஞ்சுகள் ஈரமணலைத் துழாவித் துழாவி நகர்ந்தன. ஒன்றை அலை வந்து புரட்டிப் போட்டது. மல்லாந்து கிடந்து, காலை உதைத்து, எப்படியோ நிமிர்ந்து, திரும்பவும் கடலைப் பார்த்தே போனது. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பிழைத்துப் பெரிதானாலே அதிகம் என்கிறார்கள். மற்றவை எதற்குப் பிறந்தன?

டார்வினையும் இதே கேள்வி வாட்டியிருக்கிறது. கம்பளிப்புழுவின் உடம்புக்குள்ளிருந்து அதை உயிரோடு தின்று வளரும் குளவிப் புழுக்களைச் சொல்லி, கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் நண்பர் ஆசா கிரேவுக்குக் கடிதம் எழுதினார்.

நம் ஊருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலடியில் நிலத்தட்டு நழுவியது. இரண்டரை மணி நேரத்தில் சுனாமி அலை சென்னைப் பட்டினப்பாக்கத்தின் மீனவர் குப்பத்துக்குள் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிட வந்தவர்களையும் அது விடவில்லை. அப்புறம் சிலர் பேசிய பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'பாவம் பெருகிப் போச்சு, அதுக்குத் தண்டனை' என்றார்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள் காதுபடச் சொன்னார்கள்.

நான் கடவுளை நம்புகிறவன். நம்புகிறவனாகவே சொல்கிறேன்: இயற்கைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. அலை நல்லவர் வீட்டை மட்டும் விலகிப் போயிருந்தால், இடிந்த வீடெல்லாம் பாவி வீடு என்று ஆகியிருக்கும். அலைக்குக் கண் இல்லை என்பதால்தான் செத்தவர்மேல் யாரும் பழி போட முடியாது. அந்தக் குப்பத்தில் காவல்காரக் கடவுள் ஒருவர் இருந்தார். நல்லவரைத் தேடிக் காப்பாற்றும் கடவுள். அவரை அன்றைக்கே கடல் கொண்டுபோய்விட்டது. அவருக்காக நான் வாதாட மாட்டேன்.

சரி, மிச்சம் என்ன? புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாருங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. பார்த்துக்கொண்டிருந்த புலவர் பக்குடுக்கை நன்கணியாருக்குப் பொறுக்கவில்லை. 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்கிறார். படைத்தவன் இல்லை என்று சொல்லவில்லை, பண்பு கெட்டவன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். இருக்கிறவனைத்தானே திட்ட முடியும்? இதை நான் நாத்திகமாகப் படிக்கவில்லை. ஆறுதல் சொல்லி மழுப்புகிற பக்தியைவிட இந்தக் கோபம் கடவுளுக்கு நெருக்கமானது என்றே எனக்குப் படுகிறது.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர், சுனாமியில் மகனை இழந்தவர், என்னிடம் சொன்னார்: "ஒரு வருசம் வெளக்கே ஏத்தல சார். அப்பால ஏத்துனேன். சண்ட போடவாவது ஒருத்தர் வேணும்ல?"

அவர் வீட்டில் சாமி படமும் மகனின் போட்டோவும் ஒரே பலகையில்தான் இருந்தன. விளக்குத் திரியை நிமிண்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.