20-ஆம் கோடு வரை எடுத்தும் 50 யூனிட் போனது எப்படி? இன்சுலின் சிரிஞ்ச் கணக்கு

டாக்டர் எழுதியது 20 யூனிட். நீங்கள் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரைதான் எடுத்தீர்கள். குமிழி இல்லை. நோயாளியின் பெயர் சரி, நேரமும் சரி. ஆனால் உடம்புக்குள் போனது 50 யூனிட். கை நடுங்கவே இல்லை, கண்ணும் ஏமாறவில்லை. அப்புறம் எங்கே தப்பு?

வணக்கம் நர்சிங் நண்பர்களே. வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம்: 1921-இல் டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள், 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி. பரீட்சைக்கு இது போதும்.

விஷயத்துக்கு வருவோம். எம்.எல். என்பது எவ்வளவு திரவம் என்பதைச் சொல்லும். யூனிட் என்பது அதில் எவ்வளவு மருந்து என்பதைச் சொல்லும். காபி போடும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். முதல் டிக்காஷனும் அரை டம்ளர், இரண்டாம் டிக்காஷனும் அரை டம்ளர். ஆனால் மாமனாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்! இன்சுலினில் அந்த வசதி இல்லை. பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு வயல்கள் (இன்சுலின் குப்பிகள்), 40 என்பதும் 100 என்பதும் வட்டமிட்டு]

இந்தியாவில் வயலில் வரும் ரெகுலர், என்.பி.எச்., இரண்டும் கலந்த 30/70 ஆகிய இன்சுலின் வகைகள் எல்லாம் பெரும்பாலும் ஒரு எம்.எல்.லில் 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் எம்.எல்.லுக்கு 100 யூனிட். கிளார்ஜின் போன்ற இன்சுலின்கள் வயலிலேயே 100 ஆகவும் கிடைக்கின்றன. ஆக, ஒரே வார்டு ஃப்ரிட்ஜில் இரண்டு டிக்காஷனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இப்போது கணக்கைப் பாருங்கள். 40 சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்றால் அரை எம்.எல். அதில் 100 இன்சுலினை எடுத்தால் 50 யூனிட். நம் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி உறிஞ்சும் புத்திசாலிகள் மாட்டுவது இங்கேதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதைத் தலைகீழாக்கினால்? 100 சிரிஞ்சில் 20-ஆம் கோடு வெறும் 0.2 எம்.எல். அதில் 40 இன்சுலினை எடுத்தால் 8 யூனிட்தான். பார்க்க ஆபத்தில்லாதது போலத் தோன்றும். எனக்கு இதுதான் அதிகப் பயம். சுகர் இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். வீட்டுக்குப் போனதும் மெடிக்கல் ஷாப்பில் சரியான சிரிஞ்சைக் கொடுத்துவிடுவார்கள். ஏற்றி வைத்த டோஸ் முழுசாக இறங்கும். லோ சுகர்!

இன்னொன்று: மூடியைக் கழற்றியபின் நிறத்தை நம்ப முடியாது. குழாயின் மேல் யு-40 அல்லது யு-100 என்று அச்சிட்டிருக்கும். வயலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பிடித்து இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் சிஸ்டரிடம் காட்டுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்து சரிகளை மனப்பாடம் செய்கிறோம். இன்சுலினுக்கு மட்டும் "சரியான சிரிஞ்ச்" என்று ஆறாவதைப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். கேஸ் ஷீட்டில் யூனிட் என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்காதீர்கள். ஆங்கில 'யு' பூஜ்யம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். ரெகுலரையும் என்.பி.எச்.சையும் கலந்தால் சிரிஞ்சில் தெளிந்தது (ரெகுலர்) முதலில், கலங்கியது (என்.பி.எச்.) பிறகு. வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சுகர் பாருங்கள். நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஆர்டர் 30 யூனிட், கையில் 40 வயல், டிரேயில் இருப்பது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மட்டும். என்ன செய்வீர்கள்? கமெண்ட்டில் போடுங்கள். "75-ஆம் கோடு" என்று எழுதினால் கணக்கில் பாஸ். "சிவப்பு மூடி சிரிஞ்ச் வாங்கி வருவேன்" என்று எழுதுபவருக்குத்தான் என் லைக்.