இக்கபோத்: கனம் இழந்த பெயர்

நண்பர்களே, வேதாகமத்தில் ஜெபத்துக்குப் பேர்போன யாபேஸின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடுகள் நம்மிடையே உண்டு. இக்கபோத் என்று வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. எபிரேய வேதாகமத்திலும் அது ஒரே ஒருவனின் பெயர். வருவதும் இரண்டே இடங்களில்.

முதல் இடம் 1 சாமுவேல் 4. பெலிஸ்தரோடு நடந்த போரில் இஸ்ரவேலரின் புனிதமான உடன்படிக்கைப் பெட்டி பறிபோகிறது. சீலோவில் 98 வயது ஆசாரியர் ஏலி சேதிக்காகக் காத்திருக்கிறார். மகன்கள் இருவரும் மடிந்ததைக் கேட்டும் உட்கார்ந்திருந்தவர், பெட்டி போயிற்று என்றதும் மல்லாந்து விழுந்து, கழுத்து முறிந்து இறக்கிறார். நிறைமாத மருமகளுக்கு அந்தச் சேதியே வலியைக் கொண்டுவருகிறது. "பயப்படாதே, ஆண் பிள்ளை" என்கிறார்கள் பக்கத்திலிருந்த பெண்கள். அவள் காதில் வாங்கவில்லை. பிள்ளைக்கு இக்கபோத் என்ற பெயரையும் அதன் காரணத்தையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அவளுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை!

'ஈ' என்றால் இல்லை. 'எங்கே' என்றும் கொள்வார்கள். 'காவோத்' (பெயரில் 'கபோத்'; எபிரேயத்தில் இந்த ப-வும் வ-வும் ஒரே எழுத்து) என்றால் மகிமை. அதன் வேருக்குப் பாரம் என்று பொருள். இதை விளக்க ஆங்கிலத்தில் இரண்டு சொல் தேட வேண்டும். நமக்கு ஒன்றே போதும்: கனம். மூட்டையும் கனம், நீதிபதியும் கனம். தாய் தகப்பனைக் 'கனம்பண்ணுவாயாக' என்ற கட்டளையில் இருப்பதும் இதே எபிரேய வேர்தான்.

இப்போது ஏலி விழுந்த வசனத்தைப் பாருங்கள். கழுத்து முறிந்ததற்குச் சொல்லப்படும் காரணம்: அவர் கிழவர், உடல் கனத்தவர். எபிரேயத்தில் 'காவேத்'. மூன்று வசனம் தள்ளிப் பேரனின் பெயரில் கனம் இல்லை! இரண்டு அதிகாரம் முன்னால், பலியின் நல்ல பங்கைத் தின்று கொழுத்த இதே குடும்பத்திடம், "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்று சொல்லப்பட்டிருந்தது. உடம்பில் ஏறிய கனத்தையும் வீட்டை விட்டுப் போன கனத்தையும் ஒரே வேரில் முடிந்துவைத்திருக்கிறார் எழுதியவர். இது தற்செயல் என்றால் நான் நம்பமாட்டேன்.

யாபேஸ் கதை வேறு. வலிக்கு எபிரேயத்தில் 'ஓட்சேவ்'. வலியோடு பெற்றேன் என்று சொன்ன தாய், பெயரில் (எபிரேயத்தில் 'யாபேட்ஸ்') அந்தச் சொல்லின் கடைசி இரண்டு மெய்களை இடம் மாற்றிவிட்டாள். தீங்கு ஒட்டாதிருக்கச் செய்த தந்திரம் என்பது என் ஊகம். அவன் ஜெபத்தில் 'துன்பம் அணுகாதபடி' என்று கேட்கும்போது எழுத்துகள் சரியான வரிசைக்குத் திரும்பிவிடுகின்றன.

இக்கபோத்துக்கு ஜெபமும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டாவது இடம் 1 சாமுவேல் 14:3. சவுல் ராஜாவோடு இருந்த ஆசாரியன் அகியா யார் என்று சொல்லும்போது, அவன் தகப்பன் அகிதூப் 'இக்கபோத்தின் சகோதரன்' என்று ஒரு வார்த்தை.