அந்த இரண்டு வருஷம் அவனை வளர்க்கிறது

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"வெளிநாட்டில் மிஷனரியாகக் கழிக்கும் இரண்டு ஆண்டு ஒரு மார்மன் இளைஞனை வளர்க்கிறதா, முடக்குகிறதா?" இதுதான் தலைப்பு. மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை. அந்தச் சபையின் கொள்கை சரியா தப்பா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு பையனைப் பற்றித்தான் பேச்சு. அவனை அது வளர்க்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார் அவனுடைய ஒரு நாளை விரித்துக் காட்டினார். காலை 6.30க்கு எழுந்திருக்க வேண்டும், இரவு 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும், சினிமா இல்லை, காதல் இல்லை, டீ காபிகூட இல்லை. எந்த நாட்டுக்குப் போவது, யாரோடு தங்குவது, எதுவும் அவன் கையில் இல்லை. "எதையுமே தேர்ந்தெடுக்காதவன் எப்படி வளருவான்?" என்று கேட்டார். அவை கைதட்டியது. தட்ட வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 18 வயது. மிஷனரியாகப் போக 2012 அக்டோபர் வரை 19 ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் 18 ஆகக் குறைத்தார்கள். ஜப்பான், சப்போரோ என்று அழைப்பு வருகிறது. ப்ரோவோ நகரப் பயிற்சி மையத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஜப்பானிய மொழி. அப்புறம் விமானம். வீட்டில் கூப்பிட்ட பெயர் அங்கேயே நின்றுவிடுகிறது. சட்டையில் கறுப்புப் பட்டை, அதில் குடும்பப் பெயர், கூடவே 'எல்டர்' என்ற பட்டம். எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத மூப்பர்!

இறங்கிய மறுநாளே தெரு. பனி குவிந்த மாதங்களில் சைக்கிள் ஓடாது, நடைதான். அடுக்குமாடியில் ஒவ்வொரு மணியாக அழுத்துகிறான். கதவு திறப்பதில்லை, சுவரில் உள்ள பெட்டியிலிருந்து ஒரு குரல் மட்டும் வருகிறது: "கெக்கோ தெஸ்." அகராதியில் பார்த்தால் 'நன்று' என்றும் பொருள் வரும். வாசலில் அதற்குப் பொருள் 'வேண்டாம்'. ஜப்பானியர்கள் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க மாட்டார்கள். அந்த மென்மையான குரலுக்குள் இருக்கும் மறுப்பைக் கேட்டு, மன்னிப்புச் சொல்லித் தலை குனிந்து நகர அவன் கற்றுக்கொள்ள வேண்டும். இதை எந்த வகுப்பறை சொல்லிக்கொடுக்கும்? தன் மொழியில் வாய் ஓயாமல் பேசிய பையன் இங்கே பாதி வாக்கியத்தில் திணறி நிற்கிறான். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேட்டால்தான் அடுத்த வார்த்தை வரும். ஆகவே கேட்கிறான். கேட்கத் தெரிந்த 18 வயதுக்காரர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்!

இதைவிடப் பெரிய பாடம் அறைக்குள்ளே இருக்கிறது. மிஷனரிகள் எப்போதும் இருவராகத்தான் இருப்பார்கள். ஒருவர் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மற்றவர் விலகக்கூடாது என்பது விதி. துணையாக வருபவன் டோங்காவில் பிறந்தவனாக இருக்கலாம், ஒசாகாவில் பிறந்தவனாக இருக்கலாம். அவன் சமைப்பது பிடிக்காமல் போகலாம், அவன் பாடுவது எரிச்சலூட்டலாம். கல்லூரி விடுதியில் சண்டை வந்தால் அடுத்த அறை நண்பனிடம் போய்விடலாம். இங்கே அடுத்த அறை கிடையாது. காலையில் அவனோடுதான் அதே மாடிப்படி ஏற வேண்டும். வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உறவில் எது சரியில்லை என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளும் வழக்கமே வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்களுக்கே கஷ்டமான காரியம் அது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். வந்தால் மறுபடி முதலிலிருந்து, புதிய மனிதனோடு.

அம்மையார் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நாம் விரும்பித் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நம்மைப் போலவே இருக்கும். நம் ருசி, நம் பேச்சு, நம் கட்சி. கூடப் பிறந்தவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுப்பதை அவர்களிடம்தானே கற்றோம்?

இரண்டாவதாகப் பேசியவர், "போவதே ஊருக்குப் பயந்துதான், பாதியில் திரும்பினால் ஏளனம்" என்றார். உண்மை. உடல் முடியாமலோ மனம் தளர்ந்தோ முன்னதாகத் திரும்பியவனைக் குற்றவாளிபோலப் பார்க்கும் பார்வை உண்டு, அது கொடுமை. அதேபோல, 2019 பிப்ரவரிக்கு முன்பு வரை வீட்டோடு தொலைபேசியில் பேச வருஷத்துக்கு இரண்டு நாள்தான், கிறிஸ்துமசும் அன்னையர் தினமும். அதை நான் தாங்கிப் பேசப்போவதில்லை. இப்போது வாரம்தோறும் பேசலாம். சபை தன் விதியைத் திருத்திக்கொண்டது. ஊரும் தன் பார்வையைத் திருத்தட்டும். அந்தப் பழியை இரண்டு வருஷ உழைப்பின் தலையில் போடாதீர்கள். அமெரிக்கப் பையன் என்றால் மாதம் 500 டாலர், அவனோ அவன் குடும்பமோ கட்டி, சம்பளம் வாங்காமல் செய்யும் உழைப்பு அது.

மூன்றாமவர் பலன் கேட்டார். "ஆயிரம் கதவு தட்டி எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்றார். ஜப்பானையே பார்ப்போம். இந்தச் சபையின் முதல் மிஷனரிகள் 1901 ஆகஸ்டில் யோகஹாமாவில் இறங்கினார்கள். நால்வரில் இளையவர் ஆல்மா டெய்லர், அப்போதுதான் 19 வயது முடிந்தவர். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்து தெரியாது. 1924இல் அந்த மிஷனையே மூடினார்கள். 23 வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. தலை எண்ணினால் தோல்விதான்.

ஆனால் அந்த டெய்லர் எட்டு வருஷத்துக்கும் மேல் அங்கே தங்கினார். மொழியை அடியிலிருந்து படித்தார். சபையின் வேதநூலான மார்மன் நூலை ஜப்பானியத்தில் பெயர்த்து, ஜப்பானிய அறிஞர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார். 1909இல் அது அச்சாகி வந்தது. 19 வயதில் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கத் தெரியாமல் இறங்கியவர், ஊர் திரும்பும்போது இன்னொரு மொழியில் ஒரு முழு நூலோடு திரும்பினார். நடுவர் அவர்களே, நம் தலைப்பு சபை வளர்ந்ததா என்பதல்ல, பையன் வளர்ந்தானா என்பது.

எல்லாரும் டெய்லர் இல்லைதான். சாதாரணப் பையனையே பாருங்கள். வாராவாரம் இலவச ஆங்கில வகுப்பு எடுக்கிறான். தனியாக இருக்கும் பாட்டி வீட்டு வாசலில் பனியை வாரிப் போடுகிறான். வாரத்தில் சொந்த வேலைக்கென்று விடும் தயாரிப்பு நாளில் துணி துவைத்து, மளிகை வாங்கி, அம்மாவோடு பேசுகிறான். புறப்பட்டபோது சோறு வடிக்கத் தெரியாது. இப்போது துணைவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கிறான். மூன்று மாதம் முன்பு எரிச்சலூட்டிய அதே துணைவனுக்கு. முடங்கிப்போனவன் இப்படியா இருப்பான் என்று தாங்களே பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.